ஏட்டறிவும் பட்டறிவும்: விக்ரம் சாராபாய் வாழ்ந்து காட்டிய வழி

(தொப்பூர் மாணவன், இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிப் படித்தவனைக் கேலி செய்வது நம் ஊர்ப்புறங்களில் வழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். ஆகவே இந்தப் பழமொழி என்னைச் சற்று அதிகமாகவே சுடும். விடுமுறைக்கு ஊர் போனால், இந்தப் படிப்பால் என்ன ஆகும் என்று கேட்காதவர்கள் குறைவு.

எங்கள் ஊர் தொப்பூர். ஊரை அறியாதவர்களும் தொப்பூர்க் கணவாயை அறிவார்கள். தருமபுரிப் பக்கத்திலிருந்து சேலம் நோக்கி இறங்கும் சுமை லாரிகள் அங்கே எத்தனையோ முறை விபத்துக்கு உள்ளாகியுள்ளன. டீசல் மிச்சமாகும் என்று எண்ணி இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுவது சில ஓட்டுநர்களின் பழக்கம். அப்போது என்ஜினின் பிடிப்பு அற்றுப்போய், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. உராய்வினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. இது இயற்பியலின் தொடக்கப் பாடம். குறைந்த கியரில் இறங்குக என்று எச்சரிக்கவும் செய்கிறார்கள், விபத்துகளும் நடக்கின்றன. பாடம் பொய்யா? இல்லை. ஆனால் ஓட்டுநர் ஏன் அப்படி இறங்குகிறார், டீசல் கணக்கை அவரிடம் யார் கேட்கிறார்கள், எத்தனை மணி நேரமாக அவர் தூங்கவில்லை என்பதையெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளாத அறிவுரை பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதியை யார் செய்வது?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நூலகத்தில் ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் படித்தேன். 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் நிலவின் தென்துருவப் பகுதியில் மெல்ல இறங்கிய சந்திரயான்-3 தரையிறங்கு கலத்துக்கு விக்ரம் என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் விக்ரம் சாராபாய். நம் துறை மாணவர்கள் அவரை ராக்கெட் மனிதராகவே அறிவோம். ஆனால் ராக்கெட்டை நினைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரு தொழிற்சாலையில் மனிதர்கள் எவ்வாறு கூடி வேலை செய்கிறார்கள் என்பதை ஆராய்ச்சிக்குரிய பொருளாக்க முனைந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. ஏட்டறிவுக்கும் பட்டறிவுக்கும் நடுவே கிடக்கும் கணவாயில் வாழ்நாளெல்லாம் ஏறி இறங்கிய அவரது வாழ்வை என் தோழர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

பிறப்பும் வளர்ப்பும்

விக்ரம் அம்பாலால் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால், புகழ்பெற்ற காலிகோ ஆலையின் உரிமையாளர். தாயார் சரளாதேவி. செல்வத்தில் பிறந்தவருக்கு ஆலைத் தொழிலாளியின் துன்பம் எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை அந்தக் குடும்பத்திலேயே இருந்தது.

அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1918-இல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். காந்தியடிகள் அவர்கள் பக்கம் நின்று உண்ணாநோன்பு இருந்தார். ஆலை முதலாளிகளின் பக்கம் முன்னணியில் நின்றவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளுக்குத் துணையாக நின்றவர் அம்பாலாலின் உடன்பிறந்த சகோதரி அனசூயா! பின்னர் நடுவர் தீர்ப்பினால் தொழிலாளர் கேட்ட 35 விழுக்காடு உயர்வு கிடைத்தது. 1920-இல் அனசூயாவின் முயற்சியால் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அக்காவும் தம்பியும் எதிரெதிர் அணியில் நின்றபோதும் உறவு முறியவில்லை. ஒரே ஆலையை மேலிருந்து பார்ப்பவர் ஒருவர், கீழிருந்து பார்ப்பவர் ஒருவர் என்று இரு பார்வைகள் உலவிய வீட்டில் விக்ரம் வளர்ந்தார்.

அண்டக் கதிர் ஆராய்ச்சி

அகமதாபாத்தில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய அவர், இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்று 1940-இல் இயற்கை அறிவியலில் தேறினார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பிப் பெங்களூரில் சர் சி. வி. இராமன் அவர்களிடம் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1942-இல் சென்னையைச் சேர்ந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனை மணந்தார். நேதாஜியின் படையில் பணியாற்றிய கேப்டன் இலட்சுமியின் தங்கை இவர். ஆக, சாராபாய் நம் தமிழகத்தின் மாப்பிள்ளையும் ஆவார். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதே 1947-ஆம் ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கப்பட்டது. இராமனின் மாணவரான கே. ஆர். இராமநாதன் அதன் முதல் இயக்குநராக விளங்கினார். சாராபாய்க்கு அப்போது வயது 28. வேறொருவராக இருந்தால் இதோடு அமைதியடைந்து கதிர்களை அளந்துகொண்டே காலம் கழித்திருப்பார். இவரோ அதே ஆண்டில் இன்னொரு பொறுப்பையும் தோளில் ஏற்றுக்கொண்டார்.

ஆலைக்குள் நுழைந்த அறிவியல்

அகமதாபாத் அன்று நாட்டின் மிகப் பெரிய நெசவாலை நகரங்களுள் ஒன்று. ஆலைகளில் பரம்பரை அனுபவம் நிறைய இருந்தது. பஞ்சைத் தொட்டே தரம் சொல்லும் மேஸ்திரிகள் இருந்தார்கள். ஆனால் இழை ஏன் அறுகிறது, எந்த ஈரப்பதத்தில் குறைவாக அறுகிறது, ஓர் இயந்திரத்தின் பிழை எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வழக்கம் அரிது. எல்லா ஆலைகளும் கூடிப் பணம் போட்டு, அரசின் உதவியும் பெற்று ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தினால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் அகமதாபாத் நெசவுத் தொழில் ஆராய்ச்சிச் சங்கம். சுருக்கமாக அட்டிரா என்பார்கள். இதன் மதிப்புறு இயக்குநராக 1947 முதல் 1956 வரை சாராபாய் பணியாற்றினார்.

அவர் அங்கே முதலில் சேர்த்துக்கொண்டவர்களில் பலர் நெசவுத் தொழிலில் அனுபவம் இல்லாத இளம் விஞ்ஞானிகள். பழகிய கண்ணுக்குப் புலப்படாத குறை, புதிய கண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு நியாயம். ஆனால் தறியையே பார்த்திராதவன் தறிக்காரனுக்குப் பாடம் சொல்லலாமா என்ற மறு நியாயமும் உண்டு. இரண்டுக்கும் விடை ஒன்றே: ஆய்வாளன் ஆலைக்குள் போய் நின்றாக வேண்டும்.

அட்டிராவின் மற்றொரு புதுமை, பஞ்சையும் நூலையும் மட்டும் ஆராயாமல் மனிதரையும் ஆராய்ந்தது. அங்கே மனித உறவுகளுக்கென்றே ஒரு பிரிவு அமைந்தது. உளவியல் பயின்ற கமலா சௌத்ரி அம்மையார் அதற்குத் தலைமை வகித்தார். வேலை செய்பவனின் மனநிலை, மேலாளரின் நடத்தை ஆகியவையும் ஈரப்பதத்தைப் போலவே உற்பத்தியைப் பாதிக்கும் என்பது இன்று எளிய செய்தியாகத் தோன்றலாம். விடுதலை பெற்ற புதிதில் ஓர் ஆலை நகரத்தில் அது துணிச்சலான எண்ணமே. அட்டிராவின் வழியில் பிற நெசவு மையங்களிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. நம் கோவையில் 1956-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா அவற்றுள் ஒன்று.

தறிக்கூடத்தில் ஒரு சோதனை

கோட்பாடும் நடைமுறையும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். இதை முன்னின்று நடத்தியவர் விக்ரம் அல்லர். அவருடைய தமையனார் கௌதம் சாராபாயின் பொறுப்பில் இருந்த காலிகோ ஆலையில் நடந்தது. ஆனால் விக்ரம் மூச்சுவிட்ட அதே காற்றில் நடந்தது.

அந்த ஆலையின் ஒரு கூடத்தில் 224 தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. புதிய தறி வந்தால் உற்பத்தி பெருக வேண்டுமல்லவா? பெருகவில்லை. தரமும் உயரவில்லை. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்ற ஆய்வாளர் வந்து பார்த்தார். 29 தொழிலாளர்கள், 12 வகை வேலைகள். நெசவு பார்ப்பவர், ஊடை நூல் நிரப்புபவர், அறுந்த இழையைச் சேர்ப்பவர், எண்ணெய் இடுபவர், பெருக்குபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனி வேலை. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்ணிக்கையில் தறிகள். தாளில் எழுதிப் பார்த்தால் கணக்கு அழகாக இருந்தது. தரையில் நின்று பார்த்தால், ஒரு தறி நின்றுபோனால் அது இன்னாருடைய பொறுப்பு என்று சொல்ல ஆளில்லை. எல்லோரும் ஓடினார்கள், சேர்ந்து ஓடவில்லை.

ரைஸ் ஒரு யோசனை சொன்னார். ஏழு பேர் கொண்ட ஒரு குழு, ஒரு தொகுதித் தறிகளுக்கு முழுப் பொறுப்பு ஏற்கட்டும். அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளட்டும் என்பதே அது. இதற்குப் பின் நடந்ததுதான் வியப்பு. மேலாளர்கள் திட்டத்தை விரிவாக வகுத்து முடிப்பதற்குள், தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்பதைத் தாமே முடிவு செய்து குழுக்களை அமைத்துவிட்டார்கள். தொடக்கத்தில் சறுக்கல்கள் ஏற்பட்டன. அவற்றைச் சரிசெய்த பின் உற்பத்தித் திறன் உயர்ந்தது. துணிச் சேதம் குறைந்தது. இதைப் பற்றி ரைஸ் எழுதிய நூல் 1958-இல் வெளிவந்து, உலகெங்கும் நிருவாகவியல் மாணவர்கள் படிக்கும் நூலாயிற்று.

நண்பர்களே, இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் அக்கா கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சைடராக வேலை பார்க்கிறார். அவர் அனுப்பும் பணத்தில்தான் என் தேர்வுக் கட்டணமும் விடுதிச் செலவும் நடக்கின்றன. பொங்கலுக்கு வந்திருந்தபோது இந்த ஏழு பேர் குழுவின் கதையை அவருக்குப் பெருமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார். பஞ்சு மட்டமாக வந்து இழை அறுந்துகொண்டே இருக்கும் நாளில் பழி குழுவின் மேல் விழுமா? ஒருத்தி விடுப்பு எடுத்தால் மற்ற ஆறு பேரும் அவள் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா? நான் வாயடைத்துப் போனேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் அக்கா. அவர் படிப்பை நிறுத்தியதால்தான் நான் படிக்கிறேன்.

கல்லூரிக்குத் திரும்பியதும் மேலும் தேடிப் படித்தேன். 1970-இல் எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் அதே ஆலைக்கு மீண்டும் சென்று பார்த்திருக்கிறார். ஒரு கூடத்தில் குழுமுறை பெரும்பாலும் அப்படியே நிலைத்திருந்தது. மற்றக் கூடங்களில் அது தேய்ந்து, பழைய முறை பெரிதும் திரும்பியிருந்தது. வெளியே சந்தையும் சூழலும் மாறியபோது அந்த அழுத்தத்தைத் தாங்க அங்கிருந்த குழுக்களால் இயலவில்லை. குழு தன் கைக்குள் இல்லாத காரணத்தால் நெருக்கப்படும்போது என்ன ஆகும் என்பதுதானே என் அக்காவின் கேள்வியும்? பதினேழு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் போய்ப் பார்த்து அறிந்ததன் வாசலில், ரிங் பிரேம் முன் நிற்கும் ஒரு பெண் ஒரே மூச்சில் வந்து நின்றுவிட்டார். ஏட்டறிவு அவரை ஒரு புள்ளிவிவரமாக மட்டும் எண்ணினால் இழப்பு ஏட்டுக்குத்தான்.

நிருவாகத்துக்கு ஒரு கல்விக்கூடம்

சாராபாய் குடும்பத் தொழில்களின் நிருவாகத்திலும் பங்கேற்றார். வடோதராவில் மருந்து, இரசாயனத் தொழில்களைக் கவனித்தார். 1960-இல் அங்கே சந்தையையும் தொழில் நடவடிக்கைகளையும் அறிவியல் முறையில் ஆராயும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இவ்வாறு ஒரு கையில் ஆராய்ச்சியும் மறு கையில் நிருவாகமும் இருந்ததால், நல்ல மேலாளர்கள் தாமாகவே முளைப்பதில்லை, பயிற்றப்பட வேண்டும் என்பதை உணர்ந்தார். மைய அரசு, புதிதாய்ப் பிறந்த குஜராத் மாநில அரசு, தொழிலதிபர்கள் ஆகிய மூவரையும் இணைத்து 1961 டிசம்பரில் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் உருவாவதில் முதன்மைப் பங்காற்றினார். 1965 வரை அதன் மதிப்புறு இயக்குநராகவும் இருந்தார். அட்டிராவின் கமலா சௌத்ரி அம்மையார் அங்கே தொடக்க காலப் பேராசிரியரானார்.

அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியோடு கூட்டுறவு கொண்டு, அங்கு வழங்கிய நிகழ்வாய்வு முறையை இங்கே கொணர்ந்தார்கள். உண்மையாக ஒரு நிறுவனத்தில் எழுந்த சிக்கலை விவரமாக எழுதி மாணவர் முன் வைப்பார்கள். நீ அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வாய் என்பதே வினா. சூத்திரத்தை ஒப்புவிப்பவனுக்கு அங்கே மதிப்பெண் இல்லை. அந்தச் சிக்கலை எழுத ஆசிரியரும் தொழிற்கூடத்துக்குப் போயாக வேண்டும் என்பதுதான் இம்முறையின் உயிர். பெருந்தொழிலோடு நில்லாமல் வேளாண்மைக்கும் நிருவாகவியலைக் கொண்டுசெல்லத் தொடக்க ஆண்டுகளிலேயே அங்கு ஒரு பிரிவு எழுந்தது.

சாராபாய்க்குப் பின் முழுநேர இயக்குநராக வந்த ரவி மத்தாய், 1972-இல் பதவியை விட்டு விலகி அதே நிறுவனத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1975 முதல் இராஜஸ்தானத்து ஜவாஜா பகுதியில் நெசவாளர், தோல் தொழிலாளரோடு இணைந்து, அவர்கள் தம் தொழிலைத் தாமே நடத்தக் கற்கும் முயற்சியில் ஈடுபட்டார். சாராபாய் நட்ட மரத்தின் நல்ல கனிகளுள் ஒன்று இது.

கடற்கரையிலிருந்து சிற்றூருக்கு

1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு சாராபாய் தலைமையில் அமைந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் ஊரில், ஒரு தேவாலயக் கட்டடமே அலுவலகமாக, 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் பறந்தது. நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் அங்கே உருவானவர் என்பது யாவரும் அறிந்ததே. 1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின் அணுசக்திக் குழுவின் தலைமையும் சாராபாயிடம் வந்தது. 1969 ஆகஸ்ட் 15-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது.

இங்கும் அவருடைய பழைய பாடம் தொடர்ந்தது. செயற்கைக்கோளின் பயன் சிற்றூரில் தெரிய வேண்டும் என்றார். அதற்காக நேராகப் பெரிய திட்டத்தில் இறங்கவில்லை. 1967-இல் தில்லியைச் சுற்றிய 80 சிற்றூர்களில் உழவர்களுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி சோதனையாக நடத்தப்பட்டது. பிறகு 1969-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தோடு ஒப்பந்தம். அதன் பயனாக 1975–76-இல் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சி ஒளிர்ந்தது. பொறியாளர்களோடு சமூகவியல் ஆய்வாளர்களும் ஊர்களுக்குச் சென்று, மக்கள் என்ன கண்டார்கள், என்ன கற்றார்கள் என்று கேட்டு எழுதினார்கள்.

அந்த ஒளியைக் காணச் சாராபாய்க்குக் கொடுத்து வைக்கவில்லை. 1971 டிசம்பர் 30-ஆம் நாள் கோவளத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அகவை 52. அவருக்கு 1966-இல் பத்மபூஷண் விருதும், மறைவுக்குப் பின் 1972-இல் பத்மவிபூஷண் விருதும் வழங்கப்பட்டன.

நிறைவும் குறையும்

ஒருவரைப் போற்றும்போது குறையை மறைப்பது அறிவியல் மாணவனுக்கு அழகன்று. சாராபாய் ஒரே காலத்தில் பல பொறுப்புகளைச் சுமந்தார். அச்சுமை பெரிதென்றே சொல்ல வேண்டும். அவர் ஆராய்ச்சி நிலையம் அமைத்துக் கொடுத்த அகமதாபாத்தில், 1980-களிலும் அதன் பின்னும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. உலகம் படித்த அந்தத் தறிக்கூடச் சோதனை நடந்த காலிகோ ஆலையும் பின்னாளில் மூடப்பட்டது. ஆயிரமாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். ஆய்வு நன்றாக இருந்தாலே தொழில் பிழைத்துவிடும் என்று நம்புவது பேதைமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதனால் ஆய்வே வீண் என்பதும் பேதைமைதான். நியூட்ரலில் இறங்கும் ஓட்டுநருக்கும் அனுபவம் இருக்கிறது. நூறு முறை தப்பித்த அனுபவம். நூற்றோராவது முறை ஏன் தப்பாது என்பதை அனுபவம் சொல்லாது, பாடம் சொல்லும். அந்தப் பாடத்தை அவர் ஏற்கும்படி எப்படிச் சொல்வது என்பதைப் பாடம் சொல்லாது. அவர்தான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாராபாயின் வாழ்விலிருந்து நான் கற்றது இதுவே.

நம்மில் பலர் வயலிலிருந்தும், தறியிலிருந்தும், லாரிப் பட்டறையிலிருந்தும் வந்தவர்கள். அதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். அகமதாபாத்தின் இளம் விஞ்ஞானிகள் ஆலைக்குள் தேடிச் சென்று பெற வேண்டியிருந்த அறிவு, நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த விடுமுறையில் அக்காவிடம் கதை சொல்லப் போவதில்லை. கையில் குறிப்பேட்டோடு கேட்கப் போகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் சுரை விதைப்பவரிடம் கேட்டு எழுதிய ஏடு, அடுத்த பட்டத்துக்கு விதைக்கவாவது உதவும் அன்றோ!